படுவான்கரையில் களப்பயிற்சி: சோஷியல் வேர்க் படித்த அனுபவம்

ஏ.எல். முடித்த பிள்ளைகள் சிலர் சோஷியல் வேர்க், அதாவது சமூகப்பணி, படிக்கலாமா என்று கேட்கிறார்கள். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், சமூகவியல் இருக்கிறதே, அதுதானே இது என்றும் கேட்கிறார்கள். இல்லை, அது வேறு படிப்பு. நான் படித்தது சீதுவையில் இருக்கிற தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில், நான்கு வருடம். விரிவுரைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் படித்ததாக நினைப்பதெல்லாம் களப்பயிற்சியில் படித்ததுதான். மட்டக்களப்புப் பிள்ளை என்பதால் ஊர்ப்பக்கமே வேண்டுமென்று கேட்டு வாங்கினேன்.

ஊர்ப்பெயர் போடவில்லை, விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கம் குடியையும் (தாய்வழியாக வருகிற குலப்பிரிவு) கோயிலையும் சொன்னாலே ஆள் யாரென்று பிடித்துவிடுவார்கள்.

முதலில் போன வீடு படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கம். பாடசாலையை விட்டு நின்ற பதினான்கு வயதுப் பையனுக்காகப் போனேன். 2016இலிருந்து 16 வயது வரை கட்டாயக் கல்வி என்பதால் பிரதேச செயலகத்துக்குத் தகவல் வந்திருந்தது. வாசலில் அம்மம்மா. கையில் ஃபைலைக் கண்டதும், "என்ன பதியிறதுக்கு வந்த நீங்க மனே?" என்றார். போர், 2004 சுனாமி, வெள்ளம், மீள்குடியேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஆட்கள் ஃபைலோடு வந்து பெயர் எழுதிப் போயிருக்கிறார்கள். எழுதினால் கூரைத்தகடாவது வரும். நான் ஒன்றும் தரப்போவதில்லை, பையனோடு கதைக்க வந்தேன் என்றேன். "ஒண்டும் தராட்டி என்னத்துக்கு வாறீங்க?" நியாயமான கேள்வி. இதற்கு வகுப்பில் பதில் சொல்லித்தரவில்லை. தேத்தண்ணி மட்டும் வந்தது.

அன்றைக்கே ஜெனோகிராம், அதாவது குடும்ப உறவுகளைக் காட்டும் படம், வரைய வேண்டியிருந்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலியாணத்துக்கு ஒரு கோடு. வகுப்பில் காட்டிய மாதிரியில் அப்பாவின் வீட்டில் அம்மா வந்து சேர்ந்திருந்தார். இங்கே எல்லாம் தலைகீழ். வீடு பெண்பிள்ளைக்குச் சீதனம், மாப்பிள்ளைதான் வந்து சேருகிறவர். ஒரே வளவுக்குள் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று மூன்று வீடு. அப்பா அந்த வளவுக்குப் பாதி விருந்தாளி. அம்மா குவைத்தில். ஏன் போனார் என்று கேட்டேன். பையனின் அக்காவுக்கு வீடு கட்ட. அத்திவாரம் போட்டு, சுவர் பாதி எழும்பி நின்றது. பையனும் மாமாவோடு வயலுக்குப் போய் வந்த காசைச் சீமெந்துக்குத்தான் கொடுத்திருக்கிறான்.

'பெற்றோரின் கவனிப்பின்மை' என்று எழுத ஃபோர்மில் ஒரு பெட்டி இருந்தது. அதில் டிக் போட எனக்கு மனம் வரவில்லை. அம்மா பிள்ளையை விட்டுப் போனதும், பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டதும் ஒரே வீட்டுக்காக. 2013இல் சின்னப்பிள்ளையை விட்டு வெளிநாட்டு வேலைக்குப் போகிற தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கினார்கள். அதில் பிள்ளையை யார் பார்ப்பார் என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் அதற்கு எப்போதும் பதில் இருக்கும், அம்மம்மா. சீதன வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பையனைத் திரும்பப் பாடசாலைக்கு அனுப்பியதில் என் பங்கு கொஞ்சம்தான். தாய்மாமனோடு கதைத்தேன். இங்கே அவர் சொன்னால் சொன்னதுதான். சதுரங்களில் யாருக்குக் கூடுதல் சொல் என்று காட்ட ஜெனோகிராமில் வழியில்லை. நான் அவரைப் பெரிதாக வரைந்து கொடுத்தேன். மேற்பார்வை செய்த மிஸ் சிரித்தார், ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

அடுத்தது அம்பாறைக் கரையோரத்தில், இன்னொரு அமைப்போடு சேர்ந்து செய்த நேரம். ஒரு அக்காவை அவருடைய கணவன் அடிக்கிறான். கூட வந்தவர் பாதுகாப்பு இல்லத்துக்குப் போகலாமென்று விளக்கத் தொடங்கினார். அந்த அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "இது எனக்கு உம்மா தந்த வீடு. நான் ஏன் போகணும்? அவரப் போகச் சொல்லுங்க" என்றார். முஸ்லிம் ஊர்களிலும் பெண்ணுக்குத்தான் வீடு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தால் அடிக்கிறவர் அந்த வீட்டுக்குள் வராமல் தடுக்கலாம், 12 மாதம் வரைக்கும். சுயநிர்ணயம், அதாவது உதவி பெறுகிறவரே தன் முடிவை எடுப்பது, என்று பாடத்தில் பக்கம் பக்கமாகப் படித்தோம், அந்த அக்கா அதை ஒரு பேச்சில் முடித்துவிட்டார்.

தாய்வழி வீடென்றால் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று சொல்லிவிடவும் முடியாது. பக்கத்து வீட்டில் ராத்தாவும் (அக்கா) உம்மாவும் இருப்பதால் அடி விழும்போது ஓடிவர ஆள் உண்டு. கோர்ட்டுக்குப் போகாதே, தங்கச்சிமாருக்கு மாப்பிள்ளை வராது என்று சொன்னதும் அவர்களேதான். எனக்கு இன்னும் அதில் தெளிவில்லை.

வேலை விஷயம்: பட்டதாரிகளுக்கு அரசாங்கம் கொடுக்கிற அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் வந்தால் எந்தப் பட்டமென்றாலும் ஒரே வரிசைதான், சோஷியல் வேர்க்குக்குத் தனி மரியாதை கிடையாது. என்.ஜி.ஓ. வேலை புரொஜெக்ட் முடியும் வரை. இதை வீட்டில் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

அப்புறம், சிங்களம் படியுங்கள், பேச மட்டுமல்ல, வாசிக்கவும். பொலிஸுக்கு ஒரு பெண்ணைக் கூட்டிப் போனால் முறைப்பாட்டை அனேகமாகச் சிங்களத்தில்தான் எழுதுவார்கள். அவர் சொன்னதுதான் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பார்க்காமல் கையெழுத்து வைக்க விடாதீர்கள். உதவிக்கு அழைக்கிற தொலைபேசி இலக்கம் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. இரண்டையும் அம்மம்மாமாரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.