மோட்டார் 9 ஆம்ப் இழுக்குது, காயில் போச்சா? அவசரம்

களக்காட்டுக்காரன்: கிணற்று மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் ஒழுங்காக ஏறவில்லை. தொட்டால் கை சுடுகிறது. டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கருவி) 9 ஆம்ப். 230ஐ 9ஆல் வகுத்தால் 25.5 ஓம். கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 3 ஓம்தான். 230ஐ 9ஆல் பெருக்கினால் 2070 வாட். காயில் போச்சு என்கிறார் கடைக்காரர். கட்டக் கொடுக்கவா?

பழைய லைன்மேன்: எத்தனை ஹெச்.பி.? சிங்கிள் பேஸா? அந்த 230 அளந்ததா, மனப்பாடமா?

காயில் கடை: மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர்தான். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

பாளை வாத்தியார்: ஓம் விதியைப் பாதி படித்தால் இப்படித்தான். இஸ்திரிப் பெட்டிக்கு அந்தக் கணக்கு சரி: 1000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 4.35 ஆம்ப், 53 ஓம். மோட்டார் இஸ்திரிப் பெட்டி இல்லை. 3 ஓம் என்பது வெறும் செம்புக் கம்பியின் தடை. ஓடும்போது சுருளே எதிர் மின்னழுத்தம் உண்டாக்கி கரண்டை மறிக்கும், அதனால்தான் 25. இந்த வித்தியாசத்தை வைத்துக் காயில் போனதென்று சொல்ல முடியாது. அந்த 2070ம் வாட் இல்லை, வோல்ட் ஆம்பியர். பவர் பேக்டரால், அதாவது அதில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கால், பெருக்கினால்தான் வாட். இதை எத்தனை தடவை எழுதுவது?

அம்பை வாசகி: சார், அவர் வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லை. பாடம் அப்புறம்.

களக்காட்டுக்காரன்: 1 ஹெச்.பி., சிங்கிள் பேஸ். 230 அளக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதுதானே?

தென்காசிச் சாரல்: எங்கே வருது 230? பாபநாசத்தில் 1944லிருந்து கரண்ட் எடுக்கிறார்கள், கயத்தாற்றில் காற்றாலை சுத்துது, நமக்குச் சாயங்காலமானால் டியூப்லைட் கண்ணடிக்குது.

பழைய லைன்மேன்: கரண்ட் என்ன வாய்க்கால் தண்ணியா வே, மடை பக்கத்தில் இருப்பவனுக்கு முதலில் பாய? உங்க டிரான்ஸ்பார்மரில் எத்தனை வீடு தொங்குதுன்னு பாரும்.

தென்காசிச் சாரல்: முப்பது வருஷம் இதையே சொல்லித்தான் ஓட்டினீங்க அண்ணாச்சி.

அம்பை வாசகி: ரெண்டு பேரும் வேறு இழை திறங்க.

பழைய லைன்மேன்: சரி. தம்பி, மோட்டார் ஓடும்போது மீட்டர் பெட்டியில் ஒன்று, மோட்டார் முனையில் ஒன்று அளந்து சொல்லு. ஒயர் எத்தனை தூரம்?

களக்காட்டுக்காரன்: பெட்டியில் 218, மோட்டாரில் 182. 100 மீட்டர், ஒன்றரை ஸ்கொயர் மில்லிமீட்டர் செம்பு.

பழைய லைன்மேன்: இங்கேதான் உன் வகுத்தல் கணக்கைப் போடணும். வழியில் 36 வோல்ட் காணோம். அதை 9ஆல் வகு, ஏறக்குறைய 4 ஓம். நல்ல ஒயர் போக வர 200 மீட்டருக்கு 2.3 ஓம்தான் வரும். மிச்சம் 1.7 எங்கேயோ உட்கார்ந்திருக்கு. 9 பெருக்கல் 9 பெருக்கல் 1.7, கிட்டத்தட்ட 138 வாட். ஒரே முடிச்சில் குண்டு பல்பு எரியுற மாதிரி. வோல்டேஜ் குறைந்ததால் மோட்டார் கூடுதலாக இழுக்குது. பத்து நிமிஷம் ஓட விட்டு, மெயினை அணைத்துவிட்டு, ஜாயின்ட் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்.

பாளை வாத்தியார்: பவர் பேக்டரைச் சேர்த்தால் 4 என்பது இன்னும் கூடும்.

பழைய லைன்மேன்: கூடட்டும் சார்.

(இரண்டு நாள் கழித்து)

களக்காட்டுக்காரன்: வேப்பமரத்தடி ஜாயின்ட். டேப் உருகி ஒயர் பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டிப் புதுசாகப் போட்டாச்சு. இப்போ மோட்டாரில் 202, 7 ஆம்ப். தொட்டி நிறைஞ்சுட்டு. நன்றி அண்ணாச்சி.

காயில் கடை: கண்டன்சரையும் ஒரு வாட்டி பாத்துருங்க.