புதுப்பிப்பு: கட்டையைக் கண்டால் நின்றுவிடும் குதிரை

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேனே, ஏற்காடு அடிவாரத்தில் நான் ஏறிப் பழகும் பெண் குதிரை தாண்டுவதற்காக வைத்த ஒன்றரை அடி உயரக் கட்டையைக் கண்டாலே நின்றுவிடுகிறது, நான் மட்டும் அதன் கழுத்தைத் தாண்டிப் போய் விழுகிறேன் என்று. சரி, தப்பு குதிரை மேல் இல்லை. கடைசி நொடியில் குனிந்து கட்டையைப் பார்த்துக் கடிவாளத்தை இழுத்தது நான்தான். காலால் போ என்றும் கையால் நில் என்றும் சொன்னால் அது என்ன செய்யும்? குதிரையேற்றம் சொல்லித்தரும் மாஸ்டர் இரண்டு வாரம் தாண்டவே விடவில்லை. நாலரை அடிக்கு ஒன்றாகத் தரையில் சவுக்குக் கழிகளைப் போட்டு, அவற்றின் மேல் டிராட் (நடைக்கும் பாய்ச்சலுக்கும் நடுவிலான துள்ளு ஓட்டம்) மட்டும்தான். அப்புறம் குறுக்குக் கட்டை, அதற்கு ஒன்பது அடி முன்னால் தரையில் ஒரு கழி; எங்கே எழும்ப வேண்டும் என்பதை அதுவே குதிரைக்குக் காட்டிவிடுகிறது. பிடரி மயிரைக் கைநிறையப் பிடித்துக்கொண்டு எதிரே மலையையே பார்த்தேன். நேற்று மூன்று தடவை தாண்டினாள். நாலாவது தடவை நின்றாள், ஆனால் நான் விழவில்லை.