நாலு பழைய லேப்டாப், நாலு ஊர்: நகரம் கட்டுற கேம், காலனி கேம் எது எடுக்க, எப்படிப் பகிர?

குலசேகரம்_ரப்பர்:
அண்ணன்மாரே, ஒரு யோசனை வேணும். நாங்க நாலு பேர். குலசேகரம், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல்னு ஆளுக்கொரு ஊர். மூணு லேப்டாப்ல 8 ஜிபி ரேம், ஒண்ணு ஸ்கூல்ல கொடுத்தது, 4 ஜிபிதான். தனி கிராபிக்ஸ் கார்டு எதுலயும் இல்ல. ஃபைபர் நெட் ஒரு வீட்டுல மட்டும். மத்தவங்களுக்கு போன் டேட்டா, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. நகரம் கட்டுறது, காலனி நடத்துறது மாதிரி கேம் தேடுறோம். ஒருத்தர் வாங்கினா மத்தவங்க ஆடலாமா? பென் டிரைவ்ல கொண்டுபோனா ஓடுமா? நாலு பேரும் சேர்ந்து ஒரே ஊரைக் கட்ட வழி உண்டா? சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்ங்கிற நகரம் கட்டுற கேம்ல நாகர்கோவில் முதல் கன்னியாகுமரி வரை மேப் போட முடியுமா? கிராக் செஞ்ச திருட்டுப் பிரதி வேண்டாம்.

தோவாளை_பிச்சி:
தம்பி, நாலு மெஷின்ல இளைச்சது எதுவோ அதை வச்சே கேமைத் தேடுங்க. சேர்ந்து ஆடணும்னா அந்த 4 ஜிபிதான் உங்க எல்லை.

அந்த வகையில முதல்ல ஓப்பன்டிடிடி. காசு கிடையாது, முழுக்க ஓப்பன் சோர்ஸ். 1995-ல வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸை அடியொற்றி 2004-லிருந்து ஆர்வலர்கள் எழுதி வளர்க்கிற கேம். இதுல வீட்டை நீங்க கட்டுறதில்ல. பஸ், ரயில் விட்டு ஊரை வளர்க்கணும். ஊர் வளர மாட்டேங்குதுன்னு பலரும் இதைக் கைவிடுறதுக்குக் காரணம் ஒண்ணுதான். ஊருக்குள்ள எத்தனை ஸ்டேஷன்ல கடைசி 50 நாளுக்குள்ள ஏத்தி இறக்கியிருக்குன்னு கேம் பார்க்கும், அஞ்சு வரைக்கும் எண்ணும். ஒரே பெரிய ஸ்டாண்டுக்கு இருபது பஸ் விட்டாலும் அது ஒண்ணாத்தான் கணக்கு. அஞ்சு சின்ன ஸ்டாப் வச்சு ரெண்டு பஸ்ஸைச் சுத்தவிட்டா மளமளன்னு வளரும். பாலைவன ஊருன்னா தண்ணியும் உணவும், பனிக்கோட்டுக்கு மேல இருந்தா உணவும் கொண்டு சேர்க்கணும். மரத்தை வெட்டித் தள்ளினா உள்ளூர் நிர்வாகத்துக்கிட்ட உங்க மதிப்பு விழும், ஸ்டேஷன் கட்ட விடாது. சுத்தி மரம் நட்டா மதிப்பு ஏறும்.

சேர்ந்து ஆடவும் இதுதான் வசதி. 2021-ல வந்த 12.0 பதிப்பிலிருந்து இன்வைட் கோடு இருக்கு, அதனால ரவுட்டர்ல போர்ட் திறக்க வேண்டாம். நெட்ல போறது நீங்க கொடுக்கிற கட்டளை மட்டும். கணக்கை ஒவ்வொரு மெஷினும் தானே போட்டுக்கும். போன் டேட்டாவே போதும். ஆனா மெதுவான மெஷின் அந்தக் கணக்குல பின்தங்கினா தொடர்பு அறுந்துபோகும். மேப்பை 256-க்கு 256 அளவுல வையுங்க. மொழிப் பட்டியல்ல தமிழும் உண்டு; மொழிபெயர்க்காம விட்ட வரி இங்கிலீஷ்ல வரும். சொந்தமா மேப் செய்யுற சீனாரியோ எடிட்டர்ல ஊர்ப் பேரை மாத்தி நாகர்கோவில் ஜங்ஷன், இரணியல், பள்ளியாடி, குழித்துறை, பாறசாலைன்னு வரிசையா வச்சு லைன் போட்டா கொள்ளாம்.

காலனி கேமுக்கு டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ். 2022 டிசம்பர்ல ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில படத்தோட வந்தது விலைக்கு. எழுத்துக் குறியிலேயே ஓடுற கிளாசிக் பதிப்பு இன்னமும் இலவசம். இதைப் படுக்க வைக்கிறது ப்ராசசர்தான், கிராபிக்ஸ் இல்ல. மக்கள்தொகை உச்சவரம்பு 200-ன்னு இருக்கும், அதை 70 அல்லது 80 ஆக்குங்க. இடம் 4-க்கு 4-ன்னு வரும், 3-க்கு 3 எடுங்க. உலகத்தையும் சின்னதா, வரலாற்றைக் குறைவா வச்சு உருவாக்குங்க. பூனையைத் தறிகெட்டுப் பெருக விடாதீங்க. நடமாடுற ஒவ்வொரு உயிருக்கும் வழி கண்டுபிடிக்கிற கணக்கு ஓடுது.

8 ஜிபி மூணுக்கும் பானிஷ்ட்ங்கிற ஊர் கட்டுற கேம் நல்லது. 2014-ல தனி ஒருத்தர் எழுதியது, அளவும் சின்னது. அதுல ஊர் அழியிறது பெரும்பாலும் ஒரே வழியில: வீடு கட்டாம விட்டா இளசுகள் தனிக்குடித்தனம் போகாது, பிள்ளை பிறக்காது, கிழடுகள் ஒரே சமயத்துல போய்ச் சேரும். மொத்தமா இருபது வீடு கட்டினாலும் அதே விளைவுதான், ஒரு தலைமுறை தள்ளி வரும். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு பைய கட்டணும். சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ்லயும் இதே கதை: குடியிருப்பைப் பெரிசா ஒரே தடவை வரைஞ்சா வந்தவங்க எல்லாம் ஒரே வயசு, சாவும் ஒரே அலையா வந்து அமரர் ஊர்தி எல்லாம் ட்ராஃபிக்ல நிக்கும்.

ரிம்வேர்ல்ட்ங்கிற காலனி கேமும் 8 ஜிபியில ஓடும், மோட் (ஆட்டக்காரங்க எழுதிச் சேர்க்கிற கூடுதல் அம்சம்) அதிகம் ஏத்தாத வரைக்கும். ஸ்கைலைன்ஸின் ரெண்டாம் பாகம் உங்க நாலு மெஷினுக்கும் ஆகாது. புதுசா தேடணும்னா ஸ்டீம்ல சிட்டி பில்டர், காலனி சிம்னு ரெண்டு டேக் இருக்கு. அதுல தேடி, வாங்குறதுக்கு முன்னால குறைந்தபட்ச ரேமைப் பாருங்க. வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவா ஆடியிருந்தா பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த ரெண்டு மணி நேரத்தை டுடோரியல்லயே கரைச்சுடாதீங்க. பெரிய ஊர் சேவ் ஒண்ணை ஏத்தி மெஷின் தாங்குதான்னு பார்த்துடுங்க.

இரணியல்_லூப்லைன்:
பகிர்வுல ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க: ஆடுற உரிமை வேற, ஃபைல் வேற.

உரிமைக்கு ஸ்டீம் ஃபேமிலிஸ் இருக்கு, ஆறு பேர் வரை சேரலாம். ஆனா அது ஒரே வீட்டுல இருக்கிற குடும்பத்துக்கான ஏற்பாடு. கருங்கல்காரரும் குலசேகரத்துக்காரரும் அதுல வரமாட்டீங்க. அண்ணன் தம்பி ஒரே வீட்டுல இருந்தா தாராளமா சேருங்க; ஒரே பிரதியை ஒரே நேரத்துல ஒருத்தர்தான் ஆடலாம், வேற வேற கேம்னா தடையில்ல. யாரைச் சேர்க்கிறோம்னு யோசிச்சுச் சேருங்க. ஒருத்தர் விலகினா அந்த இடம் ஒரு வருஷம் பூட்டிக் கிடக்கும். உங்க பிரதியில அவர் ஏமாத்து வேலை செஞ்சு தடை வாங்கினா உங்களுக்கும் சேர்த்துத்தான் தடை. நண்பர்கள் நாலு பேருன்னா இலவச கேம், இல்ல ஆளுக்கொரு பிரதி தள்ளுபடியில. வேற வழி இல்ல.

ஃபைல்தான் உங்க நிஜப் பிரச்சினை, அதுக்கு வழி இருக்கு. ஆளுக்கொரு பிரதி இருந்தா ஃபைபர் வீட்டுல ஒரு தடவை இறக்கினாப் போதும். ஸ்டீம் லைப்ரரியில கேமை ரைட் கிளிக் பண்ணி, மேனேஜ் போய், பிரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ் அழுத்துங்க. திறக்கிற ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, மத்த லேப்டாப்ல ஸ்டீம்ஆப்ஸ் உள்ளே காமன்ங்கிற ஃபோல்டர்ல அதே பேர்ல வையுங்க. அதுக்கப்புறம்தான் இன்ஸ்டால் அழுத்தணும். முதல்லயே அழுத்தினா முழுசையும் இறக்க ஆரம்பிச்சு டேட்டாவைத் தின்னுடும். வரிசை சரின்னா ஸ்டீம் இருக்கிற ஃபைலைச் சரிபார்த்து, விட்டுப்போன துண்டை மட்டும் எடுக்கும்.

பென் டிரைவ் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. டிரைவ்ல இடம் இருந்தும் ஃபைல் ரொம்பப் பெரிசுன்னு சொல்றது அதனாலதான். எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மட் பண்ணுங்க, உள்ளே இருக்கிறது அழிஞ்சுடும், முன்னாடியே எடுத்து வச்சுக்குங்க. நேர்ல கூடுறீங்கன்னா பென் டிரைவே வேண்டாம். ரெண்டு லேப்டாப்பையும் ஒரே வைஃபையில கோத்து, ஸ்டீம் செட்டிங்ஸ்ல டவுன்லோட்ஸ் பகுதியில உள்ளூர் நெட்வொர்க் பரிமாற்றத்தை நண்பர்களுக்குத் திறந்துவிட்டா லேப்டாப்ல இருந்து லேப்டாப்புக்கே போகும்.

எபிக் கடையில ஸ்கைலைன்ஸ் வாங்கினா ஸ்டீம் வொர்க்‌ஷாப் (ஆட்டக்காரங்க செஞ்சதைப் பகிர்ற இடம்) மேப்பும் மோடும் அதுல வராது. நாலு பேரும் ஒரே கடையில எடுங்க.

மணக்குடி_காயல்:
மேப் விஷயத்துக்கு வரேன். ஸ்கைலைன்ஸ் முதல் பாகத்தின் மேப் 17.28 கிலோமீட்டர் சதுரம், 9-க்கு 9 கட்டம், ஒரு கட்டம் 1.92 கிலோமீட்டர். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவுல தெற்கு வடக்கா சுமார் 11, கிழக்கு மேற்கா சுமார் 12 கிலோமீட்டர். ஆக, சதுரத்துக்குள்ள ரெண்டும் அடங்கும். சிக்கல் வேற இடத்துல: மோட் இல்லாம வாங்கக் கிடைக்கிறது நடுவுல உள்ள 5-க்கு 5 கட்டத்துக்குள்ளதான், அதாவது 9.6 கிலோமீட்டர், அதுலயும் ஒன்பது கட்டம்தான். ரெண்டு ஊரும் சேர்ந்து அதுல வராது. 81 கட்டத்தையும் திறக்கிற மோட் போட்டா மெஷின் தாங்காது. உங்க லேப்டாப்புக்கு நான் சொல்றது, சுசீந்திரத்தை வடக்குப் பக்கமா வச்சு நாகர்கோவில் கிழக்கு ஓரம், பழையாறு, மணக்குடி பொழிமுகம் வரைக்கும் எடுங்க. வயல், குளம், ஆறு, கடல் எல்லாம் ஒரே சட்டத்துல வரும். இல்லன்னா அளவைச் சுருக்கி மொத்தத்தையும் அடக்கலாம், ஆனா ஆறு வாய்க்கால் ஆகிடும்.

நிலத்தோட மேடு பள்ளத்தைக் கேமுக்குச் சொல்ற உயரப் படம் 1081-க்கு 1081 பிக்சல், கருப்பு வெள்ளை, 16 பிட் பிஎன்ஜி. ஒரு பிக்சல் 16 மீட்டர். 8 பிட்ல போட்டா 1024 மீட்டருக்கு வெறும் 256 படி, ஒவ்வொரு படியும் 4 மீட்டர். நாஞ்சில் நாட்டு வயல் மாதிரி சமதளத்துல அது படிக்கட்டா தெரியும். ரோடு போடும்போதெல்லாம் உதைக்கும்.

அடுத்தது கடல். எஸ்ஆர்டிஎம்ங்கிற, விண்வெளியில இருந்து அளந்த உயரத் தரவுல கடல் முழுக்க பூஜ்யம், ஆழம் இருக்காது. கேம்ல கடல் மட்டம் தொடக்கத்துல 40 மீட்டர். தரவை அப்படியே ஏத்தினா 40 மீட்டருக்குக் கீழ இருக்கிற கரையோரம் மொத்தமும் தண்ணிக்குள்ள போகும். 16 பிட்ல ஒரு மீட்டருக்கு 64 மதிப்பு. நிலத்துக்கு 2560-ஐக் கூட்டி, அதோட உயரத்தை 64-ஆல பெருக்கிச் சேருங்க; 10 மீட்டர் உயர இடம்னா 3200. கடலுக்கு 1500-க்குக் கீழ கொடுத்து, கரையில இருந்து பைய சரியவிடுங்க. க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல ராஸ்டர் கால்குலேட்டர்லயே இதைப் போடலாம். பெட்டியை வடக்கே ஆரல்வாய்மொழிக்கு அப்பால தள்ளாதீங்க. மகேந்திரகிரி 1600 மீட்டருக்கு மேல, கேம்ல 1024-ல உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையா நிக்கும்.

ஏத்தின பிறகு பழையாற்றுக்கு மேல்பக்கம் தண்ணி ஊற்று வச்சு, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, குளம் நிறைஞ்சு வழியுறதைப் பார்த்தபிறகு சேவ் பண்ணுங்க. வறண்ட ஆத்தோட மேப்பைப் பகிர்ந்தா வாங்கி ஆடுறவருக்குத் தொடக்கத்துலயே பம்ப் வேலை செய்யாது. பம்ப் எப்பவும் மேல்பக்கம், கழிவுநீர்க் குழாய் கீழ்பக்கம். வெளியூர் நெடுஞ்சாலை வர்றதும் போறதும் ரெண்டும் வேணும்: வடக்கே என்எச் 44, மேற்கே என்எச் 66 சரியா அமையும். தெற்கே ரெண்டும் கடலோட முடிஞ்சுடும்கிறதால சரக்கு லாரி மொத்தமும் வடக்கு மேற்கு ஓரத்துல நெரியும். சரக்கு ரயில் முனையத்துக்கு முன்கூட்டியே இடம் விட்டு வையுங்க.

குலசேகரம்_ரப்பர்:
ரொம்ப உபகாரம் அண்ணே. நண்பன் 16 பிட்ல செஞ்சு வாட்ஸ்அப்ல அனுப்பினதைத் திறந்தா படிக்கட்டாத்தான் வருது. ஏன்? இன்னொண்ணு, ஸ்கைலைன்ஸ், ரிம்வேர்ல்ட் மாதிரி தனி ஆள் கேம்ல நாலு பேர் ஒரே ஊரை எப்படி நடத்துறது?

மணக்குடி_காயல்:
போட்டோவா அனுப்பியிருப்பார். வாட்ஸ்அப் அதை 8 பிட் ஜேபெக்கா சுருக்கிடும். டாகுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல ஜிப் போட்டு அனுப்பச் சொல்லுங்க.

பேச்சிப்பாறை_48அடி:
ரெண்டாவது கேள்விக்கு: சேவ் ஃபைலைக் கை மாத்தி ஆடுங்க. டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ் ஆட்டக்காரங்க ரொம்ப காலமா செய்யுற முறை. கேமுக்குள்ள ஒரு வருஷம் ஒருத்தர், முடிஞ்சதும் சேவ் ஃபைலை அடுத்தவருக்கு அனுப்பணும். சேவ் சின்னது, போன் டேட்டா தாங்கும்.

ரிம்வேர்ல்ட் சேவ், ஆப்டேட்டாங்கிற மறைஞ்ச ஃபோல்டருக்குள்ள லோக்கல்லோ, அதுக்குள்ள லூடியான் ஸ்டூடியோஸ்ல இருக்கும். ஸ்கைலைன்ஸ் அதே ஆப்டேட்டாவுல லோக்கல், கொலோசல் ஆர்டர்ல. ஃபோல்டர் தெரியலன்னா எக்ஸ்ப்ளோரர்ல வியூ போய் ஹிடன் ஐட்டம்ஸை டிக் பண்ணுங்க. டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்ல ஒரு ஃபைல் போதாது, உலகத்தோட ஃபோல்டர் முழுசையும் ஜிப் பண்ணணும்.

இது கெட்டுப்போறது பதிப்பு மாறுறதாலதான். ஒருத்தர் மெஷின் தானா அப்டேட் ஆகி, அதுல சேவ் பண்ணிட்டா மத்தவங்களுக்குத் திறக்காது. கேம் ப்ராபர்ட்டீஸ்ல, திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்னு மாத்தி, ஒரு சுத்து முடியிற வரை ஸ்டீமை ஆஃப்லைன்ல வச்சு ஆடுங்க. ரிம்வேர்ல்ட்ல பீட்டாஸ் பட்டியல்ல பழைய பதிப்பும் எடுக்கலாம். மோட் பட்டியலும் நாலு பேருக்கும் ஒண்ணா, ஒரே வரிசையில இருக்கணும். ரிம்வேர்ல்ட்ல, மத்த மோட்களுக்கு அடிப்படையான ஹார்மனி எல்லாத்துக்கும் மேல, அசல் கேமான கோர் அதுக்கு அடுத்து. நெட்ல இருக்கிற சேவும் மெஷின்ல இருக்கிறதும் ஒத்துப்போகாம கிளவுட் சேவ் மோதல்னு கேட்டா லோக்கல் ஃபைலைத் தேர்ந்தெடுங்க, இல்லன்னா புதுசா கொண்டுவந்த சேவ் மேல பழசு ஏறிடும். ஃபைல் பேர்ல வருஷமும் ஆளோட ஊரும் வையுங்க: "5504-தக்கலை" மாதிரி. பழைய சேவ் ஃபைலை அழிக்காதீங்க.

சேவ் கூட ஒரு பக்கக் குறிப்பு அனுப்பணும். எந்தக் கதவு ஏன் பூட்டியிருக்கு, எந்த பேட்டரி எதுக்கு, உணவு எத்தனை நாளுக்கு இருக்குன்னு. ரிம்வேர்ல்ட்ல இது ரொம்ப முக்கியம். குளிர் அறையில கூலரோட நீலப் பக்கம் உள்ளே, சிவப்புப் பக்கம் வெளியே. சூடு வெளியேற வழி அடைபட்டா அறை சுழியத்துக்குக் கீழ போகாது, இறைச்சி அழுகிடும். முந்தினவர் எந்தப் பக்கம் சூட்டை விட்டிருக்கார்னு தெரியாம அடுத்தவர் அங்கே கூரை போட்டா முடிஞ்சுது. தூண், சுவர்ல இருந்து 6 கட்டத்துக்கு மேல கூரை நிக்காது, நடுச்சுவரை இடிக்கிறவங்க அதையும் பார்த்துக்கணும்.

அணை, வறட்சி பிடிக்கும்னா டிம்பர்பார்ன் பாருங்க, 8 ஜிபி மெஷின்ல சின்ன மேப்ல ஓடும். நீர்நாய் மாதிரி இருக்கிற பீவர்கள் அணை கட்டி வறட்சியைத் தாண்டணும். அதுல டேம் கட்டை 0.65 உயரம் வரைக்கும்தான் தண்ணியைப் பிடிக்கும், மேல வழிஞ்சுடும். லெவீ (கரைச்சுவர்) முழு உயரத்தையும் தடுக்கும். ஆழமா தேக்கணும்னா லெவீயை அடுக்கி நடுவுல ஃப்ளட்கேட் (மதகுக் கதவு) வையுங்க. அகலமான ஆழமில்லாத தேக்கம் ஆவியாகியே போகும். வறட்சி அறிவிப்பு வந்தபிறகு கதவை மூடினா தேங்க நேரம் பத்தாது, முந்தியே மூடணும். இதையும் கை மாத்தி ஆடலாம். ஒரு நல்ல பருவமும் ஒரு வறட்சியும் சேர்ந்து ஒருத்தருக்கு. வறட்சி நடுவுல கை மாத்தாதீங்க. சேவ் டாகுமென்ட்ஸ்ல டிம்பர்பார்ன் ஃபோல்டருக்குள்ள இருக்கும்.