என் நெஞ்சுக்குள் ரோபோ கை போன கதை

பட்டறைக்காரர், கோவை

கணபதியில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் சிஎன்சி மெஷின் ஒன்று, மூன்று பையன்கள். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் பிழைப்பு. வயது 59. ரோபோ உதவியோடு பைபாஸ் செய்துகொண்டு பதினோரு மாதம் ஆகிறது. அதற்கு முன் நான் எதையெல்லாம் தப்பாக நினைத்திருந்தேன் என்று சொன்னால், இதே முடிவை எடுக்க வேண்டியிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஆரம்பம் பலருக்கும் தெரிந்ததுதான். இரும்புக் கம்பியைத் தூக்கி, லேத்தில் அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கில் மாட்டும்போது நெஞ்சு இறுகும். இறுக்கம் தாடை வரை ஏறும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போய்விடும். வாயுப் பிடிப்பு என்று இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றாம் முறை வியர்த்துக் கொட்டியதைப் பார்த்த பையன் என் மனைவிக்குப் போன் போட்டுவிட்டான். அவன் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ எடுத்தார்கள். எல்.ஏ.டி. என்கிறார்களே, இதயத்தின் முன்பக்கம் இறங்கும் பெரிய ரத்தக்குழாய், அதில் கிளை பிரியும் இடத்திலேயே 90 சதவீத அடைப்பு. வலது பக்கக் குழாயில் சின்னதாக இன்னொன்று. முன்பக்கத்து அடைப்பு இருக்கும் இடத்துக்கு, குழாயை விரித்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் அவ்வளவு பொருந்தாது, பைபாஸ்தான் நல்லது என்றார் டாக்டர். நெஞ்செலும்பை அறுக்காமல் ரோபோ வைத்துச் செய்யலாம், வலது பக்கத்துக்குச் சில நாள் கழித்து ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

ரோபோ என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் சிஎன்சி. புரோகிராம் போடுவோம், ஜீரோ செட் செய்வோம், பட்டனை அழுத்தினால் அது பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போகும். ஒரு எண் தப்பினால் டூல் நேராக சக்கில் போய் மோதும். அப்படி மோதி, உடைந்த துண்டு கதவுக் கண்ணாடியில் தெறித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மனைவியும் தூங்கவில்லை. "ஏனுங்க, மெஷினை நம்பி உங்களை எப்படிங்க உள்ள அனுப்பறது?" என்று இருட்டில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் டாக்டரிடம் என் தொழிலைச் சொல்லி நேராகவே கேட்டேன். அதற்குப் புரோகிராம் யார் போடுவது? புரோகிராமே கிடையாது என்றார். படுக்கைக்குச் சில அடி தள்ளி, டாக்டர் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் கன்சோல் இருக்கும். அதில் முகம் வைத்துப் பார்த்தால் நெஞ்சின் உட்புறம் பத்து மடங்கு வரை பெரிதாக, ஆழத்தோடு தெரியும். இரண்டு கைகளாலும் பிடிகளைப் பிடித்துக்கொண்டு அவர் எப்படி அசைக்கிறாரோ அப்படியே உள்ளே இருக்கும் முனை அசையும். அவர் கை மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் முனை ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி வைத்துக்கொள்ளலாம். கை நடுக்கத்தை மெஷின் வடிகட்டிவிடும். தானாக அது ஒரு மில்லிமீட்டர் கூட வெட்டாது.

அப்புறம் ஒன்று சொன்னார். அவர் முகத்தைக் கன்சோலிலிருந்து எடுத்த நொடியே கருவிகள் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளுமாம். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும். விரல் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதே புத்தி இதிலும் வேலை செய்திருக்கிறது என்று தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டேன். பேட்டரி இருக்கிறது, அதுவும் நின்றால் கருவிகளைக் கையால் விடுவித்து வெளியே எடுக்கலாம் என்றார்.

மீதி பயம் தொடுவதைப் பற்றியது. டூல் மொட்டையாகிவிட்டால் லேத்தின் சத்தத்திலேயே தெரிந்துவிடும், கையிலும் அதிரும். முப்பத்தைந்து வருடமாகக் கைதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இதில் கைக்கு அந்த உணர்வு வருமா? வராது என்றார், ஒளிக்காமல். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த டாவின்சி 5 என்ற ரோபோ மாடலில் அழுத்தத்தை உணரும் வசதி வந்திருக்கிறது, தன்னிடம் இருப்பது அதற்கு முந்தியது என்றார். "நூல் எவ்வளவு விறைக்குது, சதை எவ்வளவு வளையுதுன்னு கண்ணாலயே அழுத்தத்தைக் கணக்குப் பண்ணப் பழகிட்டேன். அதுக்கு எனக்கு வருஷக்கணக்காச்சு" என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அதில் எத்தனை பேருக்கு நடுவிலேயே நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தது என்று கேட்டேன். இரண்டு எண்ணையும் தயங்காமல் சொன்னார்.

இன்னொரு விஷயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் இதயத்தில் தையல் போட்டது ரோபோ இல்லை. மார்புக்கூட்டின் உள்சுவரை ஒட்டி லிமா என்று ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. இடது பக்க விலா இடுக்கில் மூன்று சின்னத் துளை போட்டு, அந்தக் குழாயைச் சேதமில்லாமல் சுவரிலிருந்து பிரித்து எடுப்பதுதான் ரோபோவின் வேலை. பிறகு ரோபோவை நகர்த்திவிட்டு, இடது மார்புக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குக் கீறி, துடித்துக்கொண்டிருந்த இதயத்திலேயே அடைப்பைத் தாண்டிய இடத்தில் டாக்டர் தன் கையால் அந்தக் குழாயின் நுனியைத் தைத்தார். தையலையும் ரோபோவிலேயே போடும் முறை ஒன்று உண்டு. அதைச் செய்கிறவர்கள் குறைவு. ஆகவே "ரோபோ பைபாஸ்" என்று யாராவது சொன்னால், எது வரை ரோபோ, எங்கிருந்து கை என்று கேளுங்கள்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். எலும்பை அறுக்காததால் ஒருக்களித்துப் படுக்க முடிந்தது, ஐந்தாவது வாரம் பட்டறைக்குப் போய் உட்கார முடிந்தது. வலியே இருக்காது என்று சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வேலை செய்ய இடம் வேண்டும் என்பதற்காக இடது நுரையீரலைச் சுருக்கி வைக்கிறார்கள். அதை மறுபடி விரிக்க, மூன்று பந்து இருக்கும் கருவியில் மூச்சை இழுத்து இழுத்துப் பழக வேண்டும். முதல் இரண்டு நாள் ஒரு பந்து கூட எழும்பவில்லை. விலா இடுக்கில் ஓடும் நரம்பு நசுங்குவதால் மார்புக்குக் கீழே ஒரு பக்கம் மரத்துப் போய், இன்னொரு பக்கம் மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. சட்டை உரசினாலே தாங்காது. இதை யாரும் முன்கூட்டி எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், ஏதோ தப்பாகிவிட்டது என்று இரண்டு வாரம் பயந்திருக்க மாட்டேன்.

செலவு விஷயத்தில் எனக்குக் கசப்பு உண்டு. ரோபோ அறுவை சிகிச்சையைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-லேயே விதி போட்டுவிட்டது. அதற்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ள அதே விதி இடமும் கொடுத்தது. என் பாலிசியில் அந்த வரம்பு ஏழாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. டிஸ்சார்ஜ் அன்று, அதுவும் பில் போடும் இடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மீதியைக் கட்ட மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. பாலிசியை எடுத்து அந்த ஒரு வரியை இன்றே தேடிப் பாருங்கள்.

மகள், தஞ்சாவூர்

அண்ணா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் கதை இதற்கு நேர் எதிர்.

அம்மாவுக்கு 64 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. மூன்று குழாயிலும் அடைப்பு. முதலில் போன தனியார் மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சலர் ஒருவர் எங்களை உட்கார வைத்து, ரோபோ என்றால் தழும்பே தெரியாது, ஒரு வாரத்தில் சமைக்கலாம், இந்த பேக்கேஜ் இவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். நாங்களும் மயங்கிவிட்டோம். அம்மாவுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்று தம்பி ஊரில் இருந்த மனைக்கு ஆள் பார்க்கத் தொடங்கினான்.

சித்தப்பாதான் பிடிவாதமாக இன்னொரு டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் முதலில் கேட்டது, அம்மா என்ன வேலை செய்தார்கள் என்று. முப்பது வருடம் விறகடுப்பில் இட்லி சுட்டு விற்றவர்கள் என்றேன். உடனே நுரையீரல் பரிசோதனைக்கு அனுப்பினார். ஊதச் சொல்லி எடுப்பார்களே, அதுதான். மூச்சின் அளவு மிகக் குறைவாக வந்தது. நீங்கள் சொன்னீர்களே, ஒரு நுரையீரலைச் சுருக்கி வைப்பார்கள் என்று, அதை அம்மாவின் உடம்பு தாங்காது என்றார். போதாததற்கு மூன்று இடத்தில் ஒட்டுப் போட வேண்டும். திறந்து செய்வதுதான் இவர்களுக்குப் பத்திரம் என்று அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதோ மட்டமானதை ஏற்றுக்கொள்வது போல இருந்தது. அம்மாதான், "தழும்பை யாருடி பார்க்கப் போறா? எனக்கு மூச்சு விட முடிஞ்சா போதும்" என்றார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொண்டோம். நெஞ்செலும்பு கூடும் வரை கஷ்டம்தான். இரண்டு மாதம் மல்லாந்தே படுக்கை. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார்கள். கட்டில் விளிம்பைப் பிடித்து இழுத்து எழக் கூடாது, குடம் தூக்கக் கூடாது. ஒட்டுக்காகக் காலில் ரத்தக்குழாய் எடுத்த இடம் சாயங்காலமானால் வீங்கும், சர்க்கரையால் ஆறவும் நாளானது. இப்போது ஒன்றரை வருடம். பெரிய கோயிலை நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்கள்.

அந்த முதல் இடத்தில் நுரையீரல் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பணம் கட்டச் சொன்னதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

ஓய்வுபெற்ற ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், சென்னை

தங்கச்சி, மட்டமானதை ஏற்றுக்கொண்டதாக நினைக்கவே வேண்டாம். இந்த நாட்டின் முதல் பைபாஸை 1975-ல் இங்கே பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். நெஞ்சைத் திறந்து செய்யும் அந்த முறை ஐம்பது வருடமாக மெருகேறி வந்திருக்கிறது. மூன்று குழாய் அடைப்போடு சர்க்கரையும் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் அதுதான் முதல் வழி.

நான் இரண்டு விதத்திலும் உடன் நின்றிருக்கிறேன். நான் பார்த்த ரோபோவின் கைகளை நோயாளிமேல் பூட்டியதும் படுக்கையை அசைக்கக் கூடாது. பெரிய டாக்டர் தள்ளி உட்கார்ந்திருப்பார். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி டாக்டரும் நர்ஸும்தான் கருவிகளை மாற்றுவார்கள், ரத்தம் வந்தால் முதலில் பார்ப்பார்கள். நெஞ்சைத் திறக்கும் கருவிகளைப் பக்கத்து மேசையில் விரித்து வைத்திருப்போம், இதய-நுரையீரல் இயந்திரமும் தயாராக நிற்கும். அவசரம் என்றால் யார் ரோபோவைக் கழற்றுவது, யார் எதை எடுத்துக் கொடுப்பது என்று முன்பே ஒத்திகை பார்த்திருப்போம். ஆகவே டாக்டரின் அனுபவத்தைக் கேட்பதோடு, அந்தக் குழு எவ்வளவு நாளாகச் சேர்ந்து வேலை செய்கிறது என்றும் கேளுங்கள்.

2025 ஜனவரியில் குருகிராமில் உட்கார்ந்து 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் இருந்தவருக்கு, நம் நாட்டிலேயே செய்த எஸ்எஸ்ஐ மந்த்ரா ரோபோ மூலம் இதய அறுவை செய்தார்கள். கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. அப்போதும் ஜெய்ப்பூரில் படுக்கையோரம் ஒரு குழு நின்றுகொண்டுதான் இருந்தது.

ஒரு வேண்டுகோள். நம் ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கு 2022-ல் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ வந்தது. காசில்லாதவர்களுக்கும் இந்த வசதி கிடைக்கிறது என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தனியாரில் பணம் கட்டுவதற்கு முன் அரசு மருத்துவமனையில் எதற்கெல்லாம் ரோபோ வைத்துச் செய்கிறார்கள் என்று ஒரு முறை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

புதியவர், ஈரோடு

ஐயா, எனக்கு அடுத்த புதன்கிழமை. உங்களுக்குச் செய்த அதே முறைதான். எரிச்சல் எப்போது நின்றது?

பட்டறைக்காரர், கோவை

தம்பி, எனக்கு நாலாவது மாதம் குறைந்தது. மரத்துப் போன இடம் உள்ளங்கை அளவு இருந்தது, இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு. எரிச்சலை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், நரம்பு வலிக்கென்றே மாத்திரை இருக்கிறது. நான் கேட்காமல் மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டேன். நன்றாகத் துவைத்து நைந்துபோன பருத்தி பனியன் நாலைந்து எடுத்து வையுங்கள், புதுத் துணி உரசும். பந்துக் கருவியை இன்றைக்கே வாங்கி, அறுவைக்கு முன்பே இழுத்துப் பழகுங்கள். தஞ்சாவூர்த் தங்கச்சி சொன்ன நுரையீரல் பரிசோதனை உங்களுக்கு எடுத்துவிட்டார்களா? இல்லையென்றால் நாளைக்கே கேளுங்கள். புதன் சாயங்காலம் வீட்டில் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நானும் என் மனைவியும் காத்திருப்போம்.