புதுப்பிப்பு: கதை ஒப்பிக்கிறாள், ஆனால் படிக்கிறாளா?

மூன்று மாதம் முன்பு இங்கே புலம்பியிருந்தேன்: ஆறு வயது மகள், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்தில் ஒலியோடு வரும் கதைகளைக் கேட்டுக் கேட்டு மடமடவென்று ஒப்பிக்கிறாள், எழுத்தைக் காட்டினால் விழிக்கிறாள் என்று. என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்காக இது.

ஒலியை நிறுத்தவில்லை. முதல் தடவை சும்மா கேட்பாள். அடுத்த தடவை, ஒலிக்கும் சொல் திரையில் நிறம் மாறும்போது அதன்மேல் விரல் வைப்பாள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு அவளே படிக்க வேண்டும்.

மனப்பாடமா வாசிப்பா என்று பார்க்க உங்களில் ஒருவர் சொன்ன வழி அருமை: கதையின் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போடுவது. முதல் வாரம் பத்துக்கு இரண்டு. இப்போது ஏழெட்டு.

ஒலி நிஜமாகவே கைகொடுத்த இடம் 'பம்பரம்'. ஒரே 'ப'தான், முதலில் ஒரு சத்தம், நடுவில் வேறு சத்தம். விதி சொல்லி என்னால் புரியவைத்திருக்க முடியாது, காது பிடித்துக்கொண்டது.

'கொக்கு'தான் இன்னும் தகராறு. "கொம்பை ஏம்மா முன்னாடி எழுதிட்டு பின்னாடி சொல்றோம்?" என்கிறாள். நியாயமான கேள்வி! இதற்கு ஒலி உதவவில்லை. சிலேட்டில் எழுதி எழுதித்தான் பழக்குகிறேன்.

படுக்கையில் போன் கிடையாது. தாத்தா வாசிப்பார், வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக. அவள் பாய்ந்து வந்து விரல் வைத்துத் திருத்துகிறாள்.