சூடான சாம்பாரைக் கவர் இல்லாமல் பார்சல் கட்டுவது எப்படி?

கேள்வி:
பிளாஸ்டிக் தடை பற்றிக் கேட்டால் "நல்லதுதானே" என்கிறார்கள். பார்சல் வாங்கும்போது அதே ஆட்கள் "கவர் இல்லையா?" என்கிறார்கள். தமிழ்நாட்டில் சின்ன டிபன் கடைக்கு பேப்பர் கப் ஓகேவா? "மக்கும் கவர்" என்று விற்பதை நம்பலாமா? சாம்பாருக்கு என்ன வழி?

பதில் 1:
பேப்பர் கப் கூடாதுங்க. மத்திய அரசின் 2022 ஜூலை தடையில் அது இல்லை, குழப்பமே அங்கேதான். மாநிலத் தடை 2019 ஜனவரி 1 முதல் இருக்கு. அதில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் உண்டு. பேப்பர் கப்புக்குள் பாலிஎத்திலீன் என்கிற பிளாஸ்டிக் பூச்சு இல்லாவிட்டால் டீ ஊறி ஒழுகிடும். அந்தப் பூச்சு காகிதத்தோடு ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சிக்குப் பிரிப்பதும் கஷ்டம். 2023-ல் உச்ச நீதிமன்றமும் கப் தடையை ஏற்றுக்கொண்டது.

பதில் 2:
"மக்கும்" என்று அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. தயாரிப்பாளர் பெயரும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் கவரிலேயே இருக்கணும். எண்ணை வாரியத்தின் இணையதளப் பட்டியலோடு ஒப்பிடுங்க. "ஆக்ஸோ" என்றிருந்தால் வாங்காதீங்க, அது மக்காது, தூள்தூளாகும். நிஜமான மக்கும் கவரும் சுமார் 58 டிகிரி சூடுள்ள உரக்கூடத்துக்காகச் செய்தது. சாக்கடையில் விழுந்தால் அப்படியே கிடக்கும். கொதிக்கிற சாம்பாரை ஊற்றினால் இளகி, முடிச்சுப் பக்கம் விட்டுப்போகும்.

பதில் 3:
இட்லி, பொங்கலுக்கு வாழை இலையை அனலில் லேசாக வாட்டுங்க, நடு நரம்பைச் சீவிடுங்க. வாட்டாத இலை மடிப்பில் கிழியும். வெளியே வெள்ளைப் பேப்பர், சணல் நூல். செய்தித்தாள் வேண்டாம், மை உணவில் இறங்கும்.

சாம்பாருக்கு எவர்சில்வர் தூக்குதான். முன்பணம் வாங்கிக்கிட்டு கொடுங்க, தூக்கு திரும்பினால் பணமும் திரும்பணும். முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீங்க, வண்டியில் தளும்பும். முன்பணம் தூக்கின் விலையை விடக் குறைந்தால் தூக்கு திரும்பாது!

சனங்க தடைக்கு எதிரி இல்லைங்க. ஆபீஸிலிருந்து நேராக வருகிறவர் கையில் பாத்திரம் இருக்காது, அவ்வளவுதான். அவருக்குக் கெட்டிச் சட்னியை இலையில் கட்டலாம், சாம்பார்தான் மாட்டும்.

கேட்டவர்:
தூக்கைக் கழுவாமல் கொண்டு வந்தால்?

பதில் 3:
அப்படியே வாங்கிக்கோங்க. எப்படியும் கடையில் வெந்நீர் விட்டுக் கழுவித்தான் அடுத்தவருக்குத் தரணும். மூடி விளிம்பில் எண்ணெய் தங்கும், அதைப் பாருங்க.