அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

வைகைக்கரையாள்:
நேற்றைய இழையில் மருந்துக்கடை மாணிக்கம் அண்ணன் எழுதியது இது: "பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுக்கிற டாக்டர் யாராக இருந்தாலும் உள்ளே தள்ள வேண்டும்." அதற்கு இருபது பேர் கைதட்டு வேறு.

என் மகளுக்குப் பதினாறு வயது. மூன்று மாதம், நான்கு மாதம் தீட்டு வராது. வந்தால் இருபது நாள் நிற்காது. ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்துவிட்டது. ஸ்கேன் பார்த்து பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லி, டாக்டரம்மா 21 மாத்திரை உள்ள அட்டை எழுதினார். கடைக்காரர் சீட்டைப் படித்துவிட்டு என் மகளை ஒரு தடவை, என்னை ஒரு தடவை பார்த்தார். "இது யாருக்கு?" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். பக்கத்தில் இருமல் மருந்து வாங்க வந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மகள் அன்றையிலிருந்து அந்தத் தெரு வழியாகவே ட்யூஷனுக்குப் போவதில்லை.

அண்ணன் சொல்லட்டும், எங்கள் டாக்டரம்மாவை எந்த ஜெயிலில் போடலாம்?

மருந்துக்கடை மாணிக்கம்:
தங்கச்சி, அவசரப்படாதீர்கள். 32 வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் மகளுக்குக் கொடுத்தது ஹார்மோன் மாத்திரை. நான் சொன்னது கருத்தடை மாத்திரை. அட்டையை எடுத்துப் பாருங்கள், கருத்தடை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா?

நைட் டூட்டி:
ட்ரோஸ்பைரினோன், எதினைல் எஸ்ட்ராடயால் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரைதானே? அதுதான் கருத்தடை மாத்திரை. பிசிஓடிக்கும் அதே, முகப்பருவுக்கும் அதே, தாங்க முடியாத தீட்டு வலிக்கும் அதே. வயதுக்கு வந்த நாளிலிருந்து இந்த வகை மாத்திரைக்கு வயதைக் காரணம் காட்டித் தடை இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், கண்ணில் பூச்சி பறக்கிற மாதிரி வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்ததா என்று கேட்க வேண்டும். டாக்டர் எதற்கு என்றால் இதற்குத்தான். 21 வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன், கல்லாவில் இல்லை.

மருந்துக்கடை மாணிக்கம்:
நர்ஸம்மாவுக்குக் கோபம். நான் கேட்டதற்கு மட்டும் பதில் காணோம். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

ஈஸ்ட்ஹாம்காரன்:
இந்தச் சண்டை இங்கிலாந்தில் எப்போதோ முடிந்துவிட்டது. கில்லிக் என்ற அம்மா, பத்துப் பிள்ளை பெற்றவர், "என்னைக் கேட்காமல் என் பெண்களுக்கு டாக்டர் கருத்தடை தரக்கூடாது" என்று வழக்குப் போட்டார். 1985-ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையில், நீதிபதிகள் 3-க்கு 2 என்று பிரிந்ததில் தோற்றார். சொல்வதைப் புரிந்துகொள்கிற பக்குவம் இருந்தால் பதினாறு ஆகாத பெண்ணுக்கும் எழுதலாம், பெற்றோரிடம் சொல்லச் சொல்லி வற்புறுத்திப் பார்த்துவிட்டு. இங்கே மாத்திரை இலவசம் வேறு.

மருந்துக்கடை மாணிக்கம்:
ஆரம்பித்துவிட்டார் லண்டன் துரை. எட்டு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்கிறார். மூன்றுக்கு இரண்டு என்றால் இரண்டு பேர் என் கட்சி!

ஈஸ்ட்ஹாம்காரன்:
மாணிக்கம் ஐயா, போன பொங்கலுக்குக் கீழாநெல்லி இழையில் உங்களை மடக்கினேன், அந்தக் காந்தல் இன்னும் ஆறவில்லை. புரிகிறது.

மருந்துக்கடை மாணிக்கம்:
மடக்கினீர்களா? மஞ்சள் காமாலை இறங்கியதா இல்லையா என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை. இப்போதும் அதே கதைதான், அட்டையைக் கேட்டால் லண்டனைக் காட்டுகிறார்.

குமாஸ்தா:
கீழாநெல்லியை அங்கேயே வையுங்கள். "உள்ளே தள்ள" எந்தப் பிரிவு? போக்சோ 2012, அதாவது பதினெட்டு ஆகாதவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம், பிரிவு 19-ன்படி அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்கலாம் என்று அச்சம் இருந்தால், காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரிவு 21-ல் ஆறு மாதம்வரை சிறை. மாத்திரை எழுதுவதே குற்றம் என்று அதில் எங்கும் இல்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தரும் புகாரில் அவள் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

மருந்துக்கடை மாணிக்கம்:
அது கலைப்பு, இது மாத்திரை. வக்கீலிடம் ஃபைல் தூக்குகிறவர் நீதிபதி ஆக வேண்டாம்.

நைட் டூட்டி:
ஃபைலை விடுங்கள். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் வந்தாள். பதினேழு வயது, கழுத்தில் மஞ்சள் கயிறு, இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை. "அடுத்தது இப்போதைக்கு வேண்டாம் சிஸ்டர்" என்று அவளேதான் கேட்டாள். சாயா என்ற கருத்தடை மாத்திரை இருக்கிறது, பால் கொடுக்கிறவளும் போடலாம். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, அப்புறம் வாரம் ஒன்று. ஆனால் வயதை எழுதினால் புருஷன் மேல் கேஸ். பதினெட்டு ஆகாத மனைவியோடு உறவும் குற்றம்தான் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புக்கப்புறம் தாலி கட்டியவன் என்ற சலுகையும் கிடையாது. பேனாவைப் பார்த்ததும் "பத்தொன்பது" என்றாள். ஆதார் கேட்டேன். வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று போனவள் திரும்பி வரவில்லை. அடுத்த ஆடியில் வந்தாள், நான்கு மாத வயிற்றோடு.

உள்ளே தள்ளுவேன் என்று நீங்கள் சொல்கிற பயம் டாக்டரிடம் நிற்பதில்லை அண்ணே, அது அந்தப் பிள்ளையைத்தான் வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

வைகைக்கரையாள்:
இதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணே?

மருந்துக்கடை மாணிக்கம்:
பாவம்தான். யார் இல்லை என்றது? பதினேழில் கட்டிக் கொடுத்த அப்பனை முதலில் பிடிக்க வேண்டும். ஆனால் தங்கச்சி, பேச்சு எங்கே ஆரம்பித்தது? உங்கள் மகள் மாத்திரையில். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் நாளைக்கு எந்தப் பெண் வந்து கேட்டாலும் "தீட்டுக்கு" என்பாள், டாக்டரும் எழுதுவார், நானும் தலையை ஆட்டிக்கொண்டு எடுத்துத் தர வேண்டும். நானும் பெண்ணைப் பெற்றவன்.

நைட் டூட்டி:
எடுத்துத் தருவதுதான் உங்கள் வேலை. "யாருக்கு?" என்று கடை முழுக்கக் கேட்பது உங்கள் வேலை இல்லை.

மருந்துக்கடை மாணிக்கம்:
நான் கேட்டேனா? என் கடையா அது? மன்னிப்புக் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
கீழாநெல்லிக்கு முதலில் நீங்கள் கேளுங்கள்.

குமாஸ்தா:
ஃபைல் தூக்குகிறவன் என்றதற்கு யார் கேட்பது?

வைகைக்கரையாள்:
போதும். மகளின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள்தான் ஒளித்து வைத்திருக்கிறாள், எடுத்துப் படம் போட்டிருக்கிறேன். மூன்றாவது வரியைப் பாருங்கள் அண்ணே. வாய்வழிக் கருத்தடை மாத்திரை என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. இப்போது சொல்லுங்கள்.

மருந்துக்கடை மாணிக்கம்:
பார்த்தேன். இது உள்ளே மடித்து வைக்கிற தாள். நான் கேட்டது அட்டை.